சட்டமா, இரக்கமா? முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரை முன்னிட்டு ஒரு சிந்தனை

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் இரண்டு செய்திகளை நாளிதழ்களில் வாசித்தோம். முதல் செய்தி மே 19 அன்று புதுடெல்லியிலிருந்து வந்தது. வழக்கு ஒன்றில் தண்டனை பெற்று, அதை அனுபவித்து முடித்த இலங்கைத் தமிழர் ஒருவர், தம்மைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தை நாடினார். 140 கோடி மக்கள் வாழும் இந்நாடு உலகெங்கிலும் இருந்து வரும் அகதிகளையெல்லாம் தங்க வைக்கும் சத்திரமா என்ற பொருளில் கேட்ட நீதிபதிகள், தலையிட மறுத்துவிட்டார்கள்.

இரண்டாவது செய்தி அதே மாத இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. தமிழகத்தில் அகதியாக வாழ்ந்த முதியவர் ஒருவர், ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் உதவியோடு முறைப்படி சொந்த மண்ணுக்குத் திரும்பினார். பலாலி விமான நிலையத்தில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். போர்க்காலத்தில் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறியதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம்.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நம் மனம் கலங்குகிறது. உயிரைக் காக்கப் படகேறியது அந்தக் கரையில் குற்றம். உயிரோடு வந்து இறங்கியது இந்தக் கரையில் குற்றம். அப்படியானால் அந்த மனிதர் எங்கேதான் நிற்பது?

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் நம் பங்குகளில், அன்பியக் கூட்டங்களில், ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்கிறோம். "சட்டம் என்று ஒன்று வேண்டாமா? வருகிறவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டால் நாடு தாங்குமா?" என்கிறார்கள் சிலர். "பாவம், எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள். சட்டம் பேசுகிற நேரமா இது?" என்கிறார்கள் வேறு சிலர். இரு பக்கமும் நல்ல மனிதர்களே. எனவே, கிறிஸ்தவ நம்பிக்கையின் ஒளியில் இக்கேள்வியைச் சற்று நிதானமாகச் சிந்திப்பது நம் கடமையாகிறது.

நாற்பது ஆண்டுகளின் கதை

1983 ஜூலை மாதம் இலங்கையில் வெடித்த இனக்கலவரத்திற்குப் பின் தமிழர்கள் படகுகளில் இராமேசுவரம் கரைக்கு வரத் தொடங்கினார்கள். 1990, 1996, 2006 என்று போர் மூண்ட போதெல்லாம் அலை அலையாக வந்தார்கள். மொத்தத்தில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இக்கரை சேர்ந்தனர். பலர் திரும்பிப் போனார்கள். சிலர் வேறு நாடுகளுக்குச் சென்றார்கள். அரசுக் கணக்குப்படி இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேரும், காவல்துறையில் பதிவு செய்துகொண்டு வெளியே சுமார் 33,000 பேரும் வாழ்கிறார்கள்.

இவர்களுக்குத் தமிழகம் இரக்கம் காட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. குடும்பத்திற்கு மாதாந்திர உதவித்தொகை, குடும்ப அட்டைக்கு அரிசி, பிள்ளைகளுக்குப் பள்ளி, நோயாளிகளுக்கு அரசு மருத்துவமனை ஆகியவை கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் மாநில அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, 7,469 புதிய வீடுகள் கட்ட முன்வந்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரையும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அருள்தந்தை பேத்ரோ அருப்பே 1980இல் தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணியும், பல துறவற சபைகளும், மறைமாவட்ட சமூகப் பணி மையங்களும் முகாம்களில் மாலைநேர வகுப்புகளையும் தொழிற்பயிற்சிகளையும் ஆண்டுக்கணக்கில் நடத்தி வந்துள்ளன.

இவ்வளவு இருந்தும் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அதுதான் சட்டத்தின் முன் ஒரு நிலை.

'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. எனவே உல்லாசப் பயணி, கள்ளக்கடத்தல்காரர், குண்டுவீச்சுக்குத் தப்பி வந்த தாய் ஆகிய மூவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகையினர்: வெளிநாட்டவர். அவர்களுள் கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. இந்த முத்திரை விழுந்தவர், எத்தனை ஆண்டுகள் இங்கு வாழ்ந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது என்று 2003ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் சொல்கிறது.

வந்தவர்களின் நிலை இது. இங்கேயே பிறந்த பிள்ளைகளின் நிலை என்ன? 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பினாலேயே இந்தியக் குடிமகன். அந்த அடிப்படையில்தான், 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க வேண்டும் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆனால் அந்தத் தேதிக்குப் பின் அகதிப் பெற்றோருக்குப் பிறந்தவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. இன்று முப்பத்தைந்து வயதான ஒருவர், இந்த மண்ணைத் தவிர வேறு மண்ணை மிதித்தறியாதவர், நம் பள்ளியில் படித்தவர், நம் கோயிலில் புதுநன்மை வாங்கியவர், சட்டப்படி அயலாராகவே இருக்கிறார்.

இன்னொன்றையும் நம் பங்கு மக்கள் அறிந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3ஆம் தேதிக்குப் பின் பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்பட்டால், அந்தக் குழந்தைக்குப் பிறப்பினால் குடியுரிமை இல்லை. முகாம் இளைஞருக்கும் நம் ஊர்ப் பெண்ணுக்கும் நாம் கோயிலில் ஓலை வாசிக்கிறோம், மகிழ்ச்சியோடு திருமணத்தை ஆசீர்வதிக்கிறோம். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை எந்நாட்டுக் குழந்தை என்ற கேள்வியை யார் அவர்களுக்கு எடுத்துச் சொல்கிறோம்?

2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் சிறுபான்மையினருக்கு, கிறிஸ்தவர்கள் உட்பட, ஒரு வாசலைத் திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் ஈழத் தமிழர் அந்த வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்.

2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. செல்லுபடியாகும் ஆவணம் இல்லாமல் நாட்டிற்குள் வருவோருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது இச்சட்டம். அதே வேளையில், 2015 ஜனவரி 9ஆம் தேதி வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு மத்திய அரசு விலக்கு அளித்துள்ளது. இது நன்றியோடு ஏற்க வேண்டிய செயல். பல்லாண்டுக் கால அச்சம் ஒன்று நீங்கியது. ஆனால் தண்டனையிலிருந்து விலக்கு என்பது வேறு, குடியுரிமை என்பது வேறு. அந்தத் தேதிக்குப் பின் வந்தவர்களுக்கு, 2022இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது பசியால் புறப்பட்டு வந்த குடும்பங்களுக்கு, இந்த விலக்கும் இல்லை.

சட்டம் கேட்பதில் நியாயம் உண்டு

இவற்றைச் சொல்வதால் சட்டமே வேண்டாம் என்று நாம் சொல்வதாகாது. எல்லையைக் காப்பது அரசின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. அகதிகள் என்ற போர்வையில் ஆயுதமும் வன்முறையும் வரக்கூடும் என்ற அச்சத்திற்குக் காரணம் உண்டு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த படுகொலையை நாடு மறக்கவில்லை. அதன் விளைவாக, அந்தக் கொலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களும் சந்தேகத்தின் நிழலில் வாழ நேர்ந்தது என்பதும் உண்மை. ஏழைகளின் நகையையும் சேமிப்பையும் வாங்கிக்கொண்டு அவர்களை நடுக்கடலில் தவிக்கவிடும் தரகர்களைத் தண்டிக்கச் சட்டம் தேவை. பெயின்ட் அடிக்கும் வேலையிலும் கட்டட வேலையிலும் கூலி குறைந்துவிடுமோ என்று கவலைப்படும் உள்ளூர்த் தொழிலாளியின் பேச்சையும் நாம் அலட்சியம் செய்யக் கூடாது. அவரும் ஏழைதான்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (எண் 2241) இரு பக்கத்தையும் சமநிலையோடு சொல்கிறது. வசதியுள்ள நாடுகள் தங்களால் இயன்ற அளவு அந்நியரை ஏற்கக் கடமைப்பட்டுள்ளன. பொது நலனைக் கருதி அரசுகள் சில நிபந்தனைகளை விதிக்கலாம். வருகிறவர்களும் தங்களை ஏற்ற நாட்டை நன்றியோடு மதித்து, அதன் சட்டங்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2025 பிப்ரவரியில் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய மடலிலும், கொடிய குற்றம் செய்தோரிடமிருந்து மக்களைக் காக்கும் உரிமை நாட்டிற்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக நடத்துவது மனித மாண்பைக் காயப்படுத்துகிறது என்றும் தெளிவுபடுத்தினார்.

சட்டத்தைக் காப்பவர்களும் இரக்கமுள்ளவர்களாக இருக்க முடியும் என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. 2022இல் அரிச்சல்முனையை அடுத்த மணல்திட்டுகளில் குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்டுத் தவித்தவர்களை மீட்டுக் கரை சேர்த்தது சீருடை அணிந்த கடலோரக் காவல்படையினர்தான்.

விவிலியம் காட்டும் வழி

சட்டமா இரக்கமா என்று நாம் கேட்கும்போது, ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறோம். விவிலியம் அப்படிப் பார்க்கவில்லை. இஸ்ரயேல் மக்களுக்கு ஆண்டவர் கொடுத்த கட்டளைகளில் ஒன்று அறுவடை பற்றியது. வயலின் ஓரத்தை அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது (லேவியர் 19:9-10, இணைச்சட்டம் 24:19). நில உரிமையாளர் இரக்கப்பட்டால் கொடுக்கலாம் என்று அங்கே எழுதப்படவில்லை. இரக்கமே அங்கே சட்டமாக எழுதப்பட்டது. ஆகவே அந்நியர் யாரிடமும் கையேந்தாமல் வயலுக்குள் இறங்கலாம்.

அந்தச் சட்டத்தால் வாழ்வு பெற்றவர் ரூத்து. மோவாபு நாட்டுப் பெண், கணவனை இழந்தவர், பஞ்சத்தால் சிதைந்த குடும்பத்தின் மருமகள். போவாசின் வயலில் கதிர் பொறுக்க அவருக்குச் சட்டம் இடம் தந்தது. போவாசு அதற்கும் மேலே போய், அவருக்காகக் கதிர்களை உருவிப் போடச் சொன்னார். அது இரக்கம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ரூத்து ஆண்டுதோறும் கதிர் பொறுக்கிக்கொண்டே இருக்கட்டும் என்று போவாசு விட்டுவிடவில்லை. அவர் ஊர் வாயிலுக்குப் போனார்; பெரியோர் பத்துப் பேரை அமர வைத்தார்; முறைப்படி எல்லாருக்கும் முன்பாக ரூத்துக்குப் பெத்லகேமில் ஓர் இடத்தை உறுதி செய்தார் (ரூத்து 4). அதனால்தான் அந்த அயல்நாட்டுப் பெண்ணின் பெயர் நம் ஆண்டவரின் தலைமுறை அட்டவணையில் இடம்பெற்றது (மத்தேயு 1:5).

புனித பவுலின் வாழ்விலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. எருசலேமில் படைவீரர்கள் அவரைக் கட்டிச் சாட்டையால் அடிக்கத் தயாரானபோது, தாம் உரோமைக் குடிமகன் என்றார். ஆயிரத்தவர் தலைவரே அஞ்சினார் (திருத்தூதர் பணிகள் 22:25-29). குடியுரிமை என்பது வெறும் காகிதம் அல்ல என்பதை அந்தத் திருத்தூதர் நன்கு அறிந்திருந்தார்.

நம் முகாம் மக்களின் நிலையை இந்த ஒளியில் பார்ப்போம். நாற்பது ஆண்டுகளாக அவர்கள் கதிர் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கதிர் தாராளமாகவே விழுகிறது. ஆனால் ஊர் வாயிலில் அவர்களுக்காகப் பேச இன்னும் எத்தனை பேர் போயிருக்கிறோம்? 'வந்தாரை வாழ வைக்கும் தமிழகம்' என்று பெருமை கொள்கிறோம். நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்களையும் இன்னும் 'வந்தார்' என்றே அழைத்துக்கொண்டிருக்கிறோமே!

உரிமையாக மாறாத இரக்கம், கொடுப்பவரின் மனநிலையைச் சார்ந்தது. ஆட்சி மாறினால் அது மாறலாம். ஒரு வன்முறை நடந்தால் ஒரே நாளில் வற்றிப்போகலாம். 1991இல் அதைக் கண்டோம். எனவே முகாம் மக்களுக்கு இன்று மிகவும் தேவைப்படும் இரக்கச் செயல், நியாயமான ஒரு சட்டமே. சட்டம் தளர வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. சட்டத்திற்குள் தங்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

மண்டபம் சொல்லும் பாடம்

மண்டபம் முகாமின் வரலாறு நமக்கு ஒன்றைக் கற்றுத் தருகிறது. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழகத் தொழிலாளர்கள், கடலைக் கடக்கும் முன் நோய்த் தடுப்புக்காகத் தங்க வைக்கப்பட்ட இடம் அது. அவர்களின் வழிவந்தோரை 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி அவர்களுள் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. கப்பலில் கடவுச்சீட்டோடு வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்' ஆனார்கள். 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றுபோன பிறகு, அதே மலையகக் குடும்பங்களில் பலர் கலவரத்திற்கும் போருக்கும் தப்பிப் படகில் வந்தார்கள். அவர்களோ 'சட்டவிரோதக் குடியேறிகள்' ஆனார்கள். தாத்தா புறப்பட்ட மண்டபத்திற்கே பேரன் திரும்பி வந்தான். ஆனால் சட்டம் அவனை அந்நியன் என்றது. திருச்சி முகாம்களில் வாழும் இத்தகைய இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக் கோரிக்கைகளைப் பரிசீலிக்குமாறு 2019 ஜூனில் மதுரைக் கிளை மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது.

நம் இரக்கம் மொழி பார்த்தும் வரக்கூடாது. 'தமிழர் என்பதால்' மட்டும் இவர்களுக்காகப் பேசினால், மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோகிங்கியா முஸ்லிம் குடும்பங்களைக் குறித்து என்ன சொல்வோம்? குடிமகனோ அல்லவோ, இந்நாட்டில் இருக்கும் ஒவ்வொரு மனிதரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஆண்டவரும், அந்நியனாய் இருந்தேன் என்று சொன்னபோது (மத்தேயு 25:35) எந்த மொழி, எந்த மறை என்று சொல்லவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

1. சொற்களைத் திருத்துவோம். நம் பள்ளிகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் 'அகதிப் பிள்ளை' என்று எந்தக் குழந்தையும் அழைக்கப்படக் கூடாது. அந்தக் குழந்தைக்குப் பெயர் உண்டு. அது திருமுழுக்கில் பெற்ற பெயர்.

2. நம் பதிவேடுகளைத் திறப்போம். மலையகம் சென்ற குடும்பங்களின் முன்னோர் பலர் நம் பழைய பங்குகளில் திருமுழுக்குப் பெற்றிருக்கலாம். பூர்வீகத்தை நிறுவ அந்த ஒரு வரிப் பதிவும் உதவக்கூடும். தேடி வருபவரிடம் 'நேரமில்லை' என்று அருள்பணியாளர்களாகிய நாம் சொல்லக் கூடாது. முகாமில் பிறக்கும் குழந்தைகளின் அரசுப் பிறப்புச் சான்றிதழ் தவறின்றிக் கிடைக்கிறதா என்பதையும் கவனிப்போம்.

3. திருமணத் தயாரிப்பில் உண்மையைச் சொல்வோம். முகாம் இளைஞரையும் நம் ஊர் இளைஞரையும் இணைக்கும் திருமணங்களைத் தடுக்க அல்ல, அந்தக் குடும்பம் சட்டநிலையை அறிந்து தொடங்கவேண்டும் என்பதற்காக.

4. ஊர் வாயிலுக்குப் போவோம். நம் பகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் பங்குப்பேரவை சந்திக்கலாம். இங்கு பிறந்து வளர்ந்தவர்களுக்கும், நீண்ட காலம் நல்நடத்தையோடு வாழ்ந்தவர்களுக்கும் குடியுரிமைக்கான வழியைத் திறக்குமாறும், திரும்பிப் போக விரும்புவோர் கைதுக்கு அஞ்சாமல் போக இரு அரசுகளும் ஏற்பாடு செய்யுமாறும், அகதிகளுக்கென ஒரு சட்டம் இயற்றுமாறும் கேட்கலாம். நம் பங்குகளில் வழக்கறிஞர்கள் உண்டு. மாதம் ஒரு நாள் முகாமில் அவர்கள் அமர்ந்தால் எத்தனையோ மனுக்கள் உருவாகும்.

வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்தல், ஒருங்கிணைத்தல் என்று நான்கு சொற்களில் அகதிகள் குறித்த நம் கடமையைத் திருத்தந்தை பிரான்சிஸ் சொல்லித் தந்தார். 2025 அக்டோபரில் வெளியிட்ட தம் திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை 14ஆம் லியோவும் அவற்றை மீண்டும் நினைவூட்டியுள்ளார். தமிழகம் முதல் மூன்றில் ஓரளவு வெற்றி பெற்றுவிட்டது. நான்காவதுதான் காத்திருக்கிறது.

ஏரோதின் வாளுக்குத் தப்பி யோசேப்பு குழந்தையையும் தாயையும் இரவோடு இரவாக எகிப்துக்குக் கூட்டிச் சென்றார். அந்த எல்லையில் அவர்களை யாரோ உள்ளே விட்டார்கள். அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் செய்ததால் நம் மீட்பர் உயிர் வாழ்ந்தார். குடிபெயர்ந்தோர் மற்றும் அகதிகள் உலக நாளை ஆண்டுதோறும் திருச்சபை கொண்டாடும்போது காணிக்கை எடுப்பதோடு நின்றுவிடாமல், நம் பங்கின் எல்லைக்குள் இருக்கும் முகாம் மக்களை நம் பங்குப்பேரவைக் கூட்டத்திற்கே அழைத்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே கேட்போம். திருக்குடும்பத்தின் பரிந்துரையால் இறைவன் நமக்கு அந்த மனத்தைத் தருவாராக.